பெயிண்ட் ஒழுகிவிட்டதா? முதலில் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

மார்கழி முதல் வாரம், காலை ஏழே கால் மணி. ஷெட்டில் நிற்கும் மாருதி 800-இன் டிரைவர் பக்கக் கதவுக்கு இரண்டாவது கோட் கிளியர் (நிறத்துக்கு மேல் அடிக்கும் கண்ணாடி போன்ற பூச்சு) அடித்து முடித்து, ஸ்ப்ரே கன்னைக் கீழே வைத்து, மாஸ்க்கைக் கழற்றி, நாலடி பின்னால் வந்து நின்று பார்த்தேன். கண்ணாடிதான். எதிர்வீட்டு முருங்கை மரம் கதவில் இலை இலையாகத் தெரிந்தது. நான் அடித்த பெயிண்டைப் பார்த்து எனக்கே கொஞ்சம் திமிர் வந்தது என்றுகூடச் சொல்லலாம். போட்டோ எடுக்கலாம் என்று உள்ளே போய் போனை எடுத்துக்கொண்டு வந்தால், கைப்பிடிக்குக் கீழே மூன்று கோடு. நடுவில் இருந்தது ஒரு விரல் நீளத்துக்கு இறங்கி, நுனியில் கடுகு போலச் சொட்டு திரண்டு நின்றது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் இறங்கியது.

அடுத்து நான் செய்த காரியத்தால்தான் இந்தப் பதிவை எழுதுகிறேன். கட்டைவிரலால் அந்தச் சொட்டைத் தொட்டேன்.

தொட்டதும் அது நூல் இழுத்தது. விரல் ரேகை பதிந்தது. பதறிப்போய் ஒரு பனியன் துணியில் தின்னர் தொட்டு லேசாகத் துடைத்தேன். கிளியரோடு சேர்ந்து அடியில் இருந்த சில்வரும் கையோடு வந்தது. மூன்று கோடாக இருந்தது ஐந்து நிமிஷத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சாம்பல் நிறப் புண்ணாகிவிட்டது. அம்மா வாசலில் இருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "என்னடா, சட்னி வழிஞ்ச மாதிரி இருக்கு" என்று கேட்டுவிட்டுப் போனார். அந்தக் கதவை முழுவதும் தேய்த்து, மறுபடி பேஸ் (கிளியருக்கு அடியில் இருக்கும் நிறம்), மறுபடி கிளியர் என்று இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. கெடுத்தது ஒழுகல் இல்லை, என் விரல்.

வேடிக்கை என்னவென்றால் இரண்டாவது தடவையும் ஒழுகியது. அதே இடம், கைப்பிடிக்குக் கீழே, ஒரே ஒரு கோடு. இந்த முறை விரலை நீட்டாமல் போனை எடுத்தேன். எங்கள் ஏரியாவில் டிங்கரிங் ஷெட்டில் முப்பது வருஷமாகப் பெயிண்ட் அடிக்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரித்தார். "தம்பி, ஷெட்டைப் பூட்டிட்டு ஆபீஸ் போங்க. ஒழுகினது எங்கயும் ஓடிப்போயிடாது. ஒரு வாரம் கழிச்சுக் கூப்பிடுங்க."

அந்த ஒரு வாரத்தில் நான் ஏன் ஒழுகுகிறது என்று தோண்ட ஆரம்பித்தேன். நேராக நிற்கும் தகடு, அதன் மேல் ஈரமான ஒரு படலம், கீழே இழுக்கும் புவியீர்ப்பு, ஓடவிடாமல் பிடிக்கும் பிசுபிசுப்பு. இந்த இரண்டுக்கும் நடுவில் நடக்கும் இழுபறிதான் எல்லாம். இதில் நமக்கு எதிராக ஒரு கணக்கு இருக்கிறது: கீழ்நோக்கி வழியும் அளவு படலத்தின் தடிமனின் மும்மடிக்கு ஏற்றபடி கூடும். அதாவது ஓரிடத்தில் தடிமன் இரண்டு மடங்கானால் வழிவது இரண்டு மடங்கு ஆகாது, எட்டு மடங்கு ஆகும். கதவு முழுக்க ஒழுங்காக நின்ற கிளியர் கைப்பிடிக்குக் கீழே மட்டும் ஏன் சரிந்தது என்பதற்குப் பதில் இதில் இருக்கிறது. கைப்பிடியைச் சுற்றிலும் விட்டுப்போகக் கூடாது என்று அங்கே மட்டும் கையைச் சுழற்றி இன்னொரு பாஸ், அதாவது கன்னை இன்னொரு வீச்சு, அடித்திருந்தேன். ஒரு பாஸ் அதிகம், எட்டு மடங்கு ஓட்டம்.

இரண்டாவது காரணத்தைக் கண்டுபிடித்தபோது தலையில் அடித்துக்கொண்டேன். தின்னர் டின்னைத் திருப்பிப் பார்த்தால் 'ஸ்லோ' என்று போட்டிருக்கிறது. மே மாதம் பானட் அடிக்கலாம் என்று வாங்கி வைத்தது. சென்னை வெயிலில் சாதாரண தின்னர் கன்னில் இருந்து தகட்டுக்குப் போய்ச் சேருவதற்குள்ளேயே பாதி ஆவியாகிவிடும், அதனால் மெதுவாக ஆவியாகும் தின்னர் வாங்குவது சரிதான். ஆனால் மார்கழிக் காலையில், பனி இறங்கித் தகடு தொட்டால் சில்லென்று இருக்கும்போது, அதே தின்னர் படலத்துக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு கிளம்ப மாட்டேன் என்கிறது. கிளியர் கெட்டிப்படவே இல்லை, வழிய அதற்கு நிறைய நேரம் கிடைத்தது. போதாக்குறைக்கு டின்னில் 10 சதவீதம் தின்னர் என்று சொல்லியிருக்க, ஆரஞ்சுத் தோல் மாதிரிச் சொரசொரப்பாக வந்துவிடுமோ என்ற பயத்தில் நான் 20 ஊற்றியிருந்தேன். முதல் கோட்டுக்கும் இரண்டாவதுக்கும் இடையில் காலை வெயில் வரும்வரை பொறுக்கவும் இல்லை, ஏனென்றால் ஒன்பது மணிக்கு மீட்டிங்.

இந்த ஆரஞ்சுத் தோல் பயத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வீட்டில் அடிப்பவர்கள் எல்லாரும் ஏறக்குறைய இந்த வரிசையில்தான் போகிறோம். முதலில் காய அடித்துச் சொரசொரப்பாக வரும். அதைப் பார்த்துக் கடுப்பாகி, அடுத்த முறை ஈரமாக அடிப்போம், பளபளவென்று வரும். இன்னும் பளபளப்பாக வரட்டும் என்று கடைசியாக ஒரு பாஸ் கூடுதலாக அடிப்போம், ஒழுகும். கண்ணாடி போல வருவதற்கும் ஒழுகுவதற்கும் நடுவில் இருப்பது அந்த ஒரே ஒரு பாஸ்தான். எனவே ஒழுகிவிட்டால் நீங்கள் மோசமான பெயிண்டர் என்று அர்த்தம் இல்லை, கொஞ்சம் தாண்டிவிட்டீர்கள், அவ்வளவுதான். என்னைக் கேட்டால் வறண்டு போய்ச் சொரசொரவென்று வந்த பேனலைவிட ஒழுகல் ஒன்றிரண்டு இருக்கும் பேனலே எவ்வளவோ மேல், ஏனென்றால் முன்னதை முழுவதும் தேய்க்க வேண்டும், பின்னதில் அந்த இடத்தை மட்டும் தேய்த்தால் போதும்.

சரி, ஒரு வாரம் ஆயிற்று. அண்ணன் சனிக்கிழமை சாயங்காலம் வந்தார். முதல் வேலையாகக் கட்டைவிரல் நகத்தை ஒழுகலின் தலையில் வைத்து அழுத்தினார். மெல்லிய பிறைக் குறி விழுந்தது. "இன்னும் பச்சையா இருக்கு" என்றார். எனக்கு ஆச்சரியம். கதவின் மற்ற இடமெல்லாம் கல் மாதிரி இறுகிவிட்டிருந்தது. ஒழுகிய இடத்தில் மட்டும் கிளியர் பல மடங்கு தடிமன். மேலே தோல் கட்டிவிடுகிறது, உள்ளே இருக்கும் தின்னர் வெளியே வர வழியில்லாமல் மாட்டிக்கொள்கிறது. அந்த நிலையில் தேய்த்தால் பாலில் ஆடை சுருண்டு வருவது போல மேல்தோல் கிழியும், உள்ளே இருப்பது பிசினாகத் தாளில் அப்பும், நடுவில் ஒரு குழி விழும். மேட்டைச் சீவலாம், குழியை என்ன செய்வது? அப்படியே குழி விழாமல் தேய்த்துச் சமமாக்கிவிட்டாலும், மிச்சத் தின்னர் பிறகு மெல்ல வெளியேறும்போது அந்த இடம் உள்வாங்கி, இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் ஒழுகல் இருந்த இடத்தில் ஒரு பள்ளம் தெரியும்.

ஷெட்டுகளில் இதற்கு விளக்கு வைத்துச் சூடாக்குவார்கள். பூத், அதாவது பெயிண்ட் அடிக்கும் மூடிய அறை, இருக்கும் இடத்தில் 60 டிகிரியில் அரை மணி நேரம் போல வைப்பார்கள். நான் செய்தது, பகலில் ஷெட் கதவைத் திறந்து, வண்டியைத் திருப்பி, வெயில் கதவில் படும்படி இன்னொரு நாலு நாள் நிறுத்தியதுதான். ஆனால் அடித்த உடனேயே அப்படி வெயிலில் தள்ளாதீர்கள், உள்ளே இருக்கும் தின்னர் கொதித்துக் குமிழ் குமிழாக மேலே வந்துவிடும். அது ஒழுகலைவிடப் பெரிய தலைவலி.

இதற்கிடையில் பார்க்க வேண்டிய இன்னொன்று, ஒழுகியது எது என்பது. கிளியரா, அடியில் இருக்கும் பேஸா? என்னுடையது கிளியர், எனவே பிழைத்தேன். சில்வர் போன்ற மெட்டாலிக் பேஸே ஒழுகியிருந்தால் தேய்த்து பாலிஷ் போட்டுச் சரிசெய்யலாம் என்று கனவு காணாதீர்கள். அந்தப் பெயிண்டில் இருக்கும் அலுமினியத் துகள்கள் தகட்டுக்கு இணையாகப் படுத்தால்தான் எல்லா இடமும் ஒரே மாதிரி மின்னும். ஒழுகும்போது அவை கலைந்து, கூட்டம் கூட்டமாக ஒதுங்கி, கறுப்புத் திட்டாகத் தெரியும். மேடு போனாலும் திட்டு போகாது. காய்ந்ததும் தேய்த்துச் சமமாக்கி, அந்த இடத்துக்கு மறுபடி பேஸ் அடித்துத்தான் ஆக வேண்டும். அதைக் கிளியர் போடுவதற்கு முன்னாலேயே கண்டுபிடித்துவிட்டால் பெரிய லாபம், அதனால் பேஸ் அடித்து முடித்ததும் டார்ச் வெளிச்சத்தில் சாய்வாக ஒரு தடவை பாருங்கள். பழைய காலத்து ஒற்றை நிறப் பெயிண்ட், மேலே கிளியர் இல்லாதது என்றால், தேய்க்கலாம், பாலிஷ் போடலாம். தண்ணீரில் அந்த நிறம் கரைந்து வரும், பயப்பட வேண்டாம்.

இப்போது சீவும் வேலை. இதில் எல்லாரும் செய்யும் தவறு, வாட்டர் பேப்பரை விரலில் மடித்து வைத்துக்கொண்டு ஒழுகலின் மேல் முன்னும் பின்னும் தேய்ப்பது. விரல் மெத்தை போன்றது. மேட்டின் மேல் அழுத்தினால் இரண்டு பக்கமும் வழிந்து பள்ளத்தையும் சேர்த்துத் தேய்க்கும். மேடு பத்து மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவதற்குள் பக்கத்துச் சமதளம் ஐந்து மைக்ரான் போயிருக்கும். கிளியர் மொத்தமே காய்ந்தபின் 50 மைக்ரான் சுற்றித்தான் இருக்கும், தலைமுடியைவிட மெல்லியது. ஒழுகல் முழுவதும் போகும்போது அதைச் சுற்றிக் கிளியரே இருக்காது. ஆகவே தேய்க்கும் பொருள் விறைப்பாக, தட்டையாக, மேட்டை மட்டும் தொடுவதாக இருக்க வேண்டும். மேட்டை மட்டும். இந்த வேலையில் மற்றதெல்லாம் இந்த ஒரு விஷயத்துக்காகச் செய்யும் ஏற்பாடுதான்.

அண்ணன் சட்டைப் பையில் இருந்து ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் கட்டர் பிளேடை எடுத்து, ஒரு புதுத் துண்டு உடைத்தார். அதன் இரண்டு முனையிலும் செல்லோ டேப்பை ஒரு சுற்று சுற்றினார், நடுவில் ஒரு சென்டிமீட்டர் மட்டும் வெறும் கூர்முனை. பார்த்தவுடன் புரியவில்லை. கதவில் வைத்துக் காட்டினார்: டேப் சுற்றிய இரண்டு முனையும் ஒழுகலின் இரண்டு பக்கமும் கதவில் உட்காருகின்றன, கூர்முனை டேப்பின் தடிமன் அளவுக்கு, அதாவது ஏறக்குறைய 50 மைக்ரான், அந்தரத்தில் நிற்கிறது. பிளேடைக் கிட்டத்தட்ட நேராக நிறுத்தி, லேசாக இழுக்கும் பக்கம் சாய்த்து, தன்னை நோக்கி இழுத்தார். வெட்டவில்லை, சுரண்டினார். தேங்காய்த் துருவலைவிட மெல்லியதாக, வெள்ளைப் பொடியாக கிளியர் வந்தது. சர்ர், சர்ர் என்று ஒரே அளவில் சத்தம். சத்தம் மாறினால் நிறுத்தச் சொன்னார், பிளேடு சாய்ந்துவிட்டது என்று அர்த்தமாம். பத்து இழுப்பில் கடுகு காணாமல் போயிற்று. நாற்பது ஐம்பது இழுப்பில், விரலால் தடவினால் தெரியும், கண்ணால் பார்த்தால் தெரியாது என்ற அளவுக்கு வந்துவிட்டது. டேப் கதவைத் தொட்டுக்கொண்டு ஓடுவதால் பிளேடால் அதற்குக் கீழே போக முடியாது. கருவியை வழிதவறாமல் பிடித்துவைக்கும் ஜிக்கில் இத்தனை மலிவான ஒன்றை நான் பார்த்ததில்லை.

இதற்கு இன்னொரு வழியும் அவர் சொன்னார். ஒழுகலைச் சுற்றிலும் மேலேயும் பட்டியை மெல்லியதாக வழித்துவிடுவது. பட்டி காய்ந்ததும் மேடும் பள்ளமும் போய் எல்லாம் ஒரே மேடாகிவிடும், பேப்பர் சறுக்கி விழ இடம் இருக்காது. பிறகு கட்டையில் பேப்பர் சுற்றித் தேய்த்துக்கொண்டே வந்தால் பட்டி கரைந்து முடியும் நேரத்தில் ஒழுகலும் முடிந்திருக்கும். பட்டியின் நிறம் வேறு என்பதால் எவ்வளவு மிச்சம் என்று கண்ணுக்கே தெரியும். ஒரு பழைய பானட்டில் திரைபோல அகலமாகச் சரிந்த ஒன்றுக்கு இதைச் செய்து பார்த்தேன், அங்கே பிளேடைவிட இதுதான் சுகம். கோடு போல இறங்கியதற்குப் பிளேடு.

பிளேடு முடிந்த பிறகு கேரம் போர்டுக்குப் போனேன். நிஜமாகத்தான். ஸ்ட்ரைக்கர் இருக்கிறதே, 4 சென்டிமீட்டர் அகலம், கல் மாதிரி விறைப்பு, அடிப்பக்கம் கச்சிதமான தட்டை. அதன் அடியில் இரட்டைப் பக்க டேப்பால் ஆயிரம் நம்பர் வாட்டர் பேப்பரை ஒட்டி, ஓரத்தைக் கத்தரியால் வெட்டிவிட்டேன். பிள்ளைகள் இன்னும் அந்த ஸ்ட்ரைக்கரைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். பேப்பரை முன்கூட்டியே பத்து நிமிஷம் தண்ணீரில் ஊற வைத்து, பக்கெட்டில் பாத்திரம் கழுவும் லிக்விட் ரெண்டு சொட்டு விட்டால் பேப்பர் அடைக்காமல் வழுக்கிப் போகும். பக்கெட்டைத் தரையில் வைத்துத் துணியை முக்கி எடுக்காதீர்கள், தரையில் இருக்கும் ஒரு மணல் துகள் துணியோடு வந்து கதவில் நீளமாக ஒரு கோடு இழுத்தால் அழுகைதான் வரும்.

தேய்க்கும் இடத்தில் முதலில் மார்க்கரால் நாலு கோடு கிறுக்கிக்கொள்ளுங்கள். மேட்டில் இருக்கும் மை முதலில் போகும், பள்ளத்தில் இருப்பது நிற்கும். ஆனால் மையைவிட நம்பகமான அடையாளம் ஒன்று உண்டு, அதைக் கண்டுகொள்ள எனக்கு ஒரு சாயங்காலம் முழுவதும் பிடித்தது. ஐந்தாறு தேய்ப்புக்கு ஒரு தடவை பழைய சைக்கிள் டியூப் துண்டால் தண்ணீரை வழித்துவிட்டு, ஈரம் காயும்வரை பார்த்துக்கொண்டிருங்கள். தேய்ந்த இடம் பால் கண்ணாடி போல மங்கலாக இருக்கும். ஒழுகலின் இரண்டு ஓரத்திலும், நூல் அளவுக்குப் பளபளப்பாக இரண்டு கோடு தெரியும். அதுதான் மேட்டின் அடிவாரம், பேப்பர் இன்னும் தொடாத பள்ளம். தேய்க்கத் தேய்க்க அந்த இரண்டு மின்னல் கோடும் மெலிந்துகொண்டே வந்து, நடுநடுவே அறுந்து, புள்ளி புள்ளியாகி, ஒரு கட்டத்தில் மறையும். மறைந்த நொடியில் கையை எடுத்துவிடுங்கள். "இன்னும் ரெண்டு தேய்" என்று மனம் சொல்லும்.

சொன்னது எனக்கும். அந்தக் கதவில் இல்லை, பயிற்சிக்காக, பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் பேரம் பேசி வாங்கிய ஒரு பழைய பானட்டில். வேண்டுமென்றே நாலு இடத்தில் ஒழுகவிட்டு, பத்து நாள் காயவிட்டு, ஒவ்வொன்றாகச் சீவிப் பழகிக்கொண்டிருந்தேன். மூன்று நன்றாக வந்தது. நாலாவது, பானட்டின் நடுவில் போகும் மடிப்புக் கோட்டை ஒட்டி இருந்தது. மடிப்பின் உச்சியில் பெயிண்ட் எப்போதும் மெல்லியதாகத்தான் நிற்கும், ஈரமாக இருக்கும்போதே அங்கிருந்து விலகி இரண்டு பக்கமும் போய்விடும். இது எனக்குத் தெரியும், தெரிந்தும் ஸ்ட்ரைக்கரின் ஓரம் அந்த உச்சியில் ஏறிவிட்டது. வழிக்கும் தண்ணீர் பால் நிறத்தில் வந்துகொண்டிருந்தது, திடீரென்று சாம்பல் நிறமாயிற்று. சாம்பல் வந்தால் கிளியரைத் தாண்டி சில்வருக்கு வந்துவிட்டோம் என்று அர்த்தம். அப்புறம் பாலிஷ் எல்லாம் உதவாது, மறுபடி பேஸ், பேனல் முழுவதும் கிளியர். இப்போதெல்லாம் மடிப்பு, ஓரம், மூலை எதுவானாலும் அதன் மேல் முதலில் மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்கு ஒட்டிவிட்டுத்தான் பேப்பரையே நனைக்கிறேன்.

ஆயிரத்துக்குப் பிறகு 1500, 2000, முடிந்தால் 3000. ஒவ்வொரு பேப்பரின் வேலையும் முந்தைய பேப்பர் போட்ட கீறலை அழிப்பது மட்டும்தான். ஆயிரம் நம்பரின் துகள் சுமார் 18 மைக்ரான், 2000-இல் அது 10 மைக்ரான். ஆயிரத்தில் இருந்து நேராக கம்பவுண்டு என்ற பாலிஷ் பசைக்குத் தாவினால் ஒரு மணி நேரம் மெஷின் ஓட்டினாலும் வெயிலில் நிறுத்தும்போது கீறல் தெரியும். ஒவ்வொரு முறையும் தேய்க்கும் திசையை மாற்றுங்கள், முதலில் குறுக்கே, அடுத்தது நெடுக்கே, பழைய கீறல் மிச்சம் இருக்கிறதா என்று அப்போதுதான் தெரியும். 1500-இல் இருந்து ஸ்ட்ரைக்கருக்குப் பதில் கொஞ்சம் மெத்தையான ரப்பர் கட்டைக்கு மாறலாம், மேடுதான் போய்விட்டதே.

பாலிஷைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. மெஷின் இருந்தால் பத்து நிமிஷம், கையால் என்றால் ஒரு சாயங்காலமும் தோள் வலியும். மெஷினில் ஒரே இடத்தில் நிற்காதீர்கள், அடிக்கடி புறங்கையால் தொட்டுப் பாருங்கள், சூடு பொறுக்க முடியவில்லை என்றால் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போங்கள். கடைசியில் ட்யூப் லைட்டைப் போட்டு, அதன் பிம்பம் கதவில் நேர்க்கோடாக விழுகிறதா என்று தலையை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஒழுகல் இருந்த இடத்தில் கோடு நெளிந்தால் இன்னும் கொஞ்சம் மேடு இருக்கிறது. நெளிவு மிகக் குறைவு என்றால் நான் விட்டுவிடுவேன். மேலே இருக்கும் கிளியர்தான் வெயிலின் புற ஊதாக் கதிரில் இருந்து அடியில் இருக்கும் நிறத்தைக் காப்பாற்றுகிறது. சென்னை வெயிலில் நிற்கும் வண்டிக்கு, கண்ணுக்கே தெரியாத ஒரு நெளிவுக்காக அதைக் கரைப்பது புத்திசாலித்தனம் இல்லை. இதில் அண்ணனுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு உண்டு, அவர் நெளிவே இருக்கக் கூடாது என்பார்.

இடையில் சொல்ல மறந்தது, மறக்கக் கூடாதது: ஹார்டனர். டூகே கிளியரோடு, அதாவது இரண்டு பொருளைக் கலந்து அடிக்கும் கிளியரோடு, இறுகுவதற்காகக் கலக்கும் அந்தச் சின்ன டின்னில் இருப்பது ஐசோசயனேட் வகை ரசாயனம். 1984-இல் போபாலில் கசிந்த வாயுவும் இந்தக் குடும்பத்துப் பெயரைத்தான் தாங்கியது. அது வேறு பொருள், இதைவிடப் பல மடங்கு கொடியது, ஆனால் நம் டின்னில் இருப்பதும் மூச்சுக் குழாய்க்கு நல்லதில்லை, ஆஸ்துமாவைக் கொண்டுவரக் கூடியது, அதுவும் ஒரு தடவை உடம்பு அதற்கு எதிராகத் திரும்பிவிட்டால் பிறகு துளி பட்டாலும் இளைக்கும். கர்ச்சீப், கொரோனா மாஸ்க் எதுவும் இதற்கு ஆகாது. பூத்துகளில் வெளிக்காற்றைக் குழாய் வழியாகக் கொண்டுவரும் மாஸ்க் போடுகிறார்கள், சரியானது அதுதான். நான் கரித் துகள் உள்ள இரட்டை கார்ட்ரிட்ஜ் மாஸ்க், முழுக் கண்ணாடி, கையுறை, திறந்த ஷெட், பக்கத்தில் யாரையும் விடுவதில்லை என்ற அளவில் சமாளிக்கிறேன். தொடர்ந்து அடிப்பவர்களுக்கு இது போதாது. தேய்க்கும்போதும் தண்ணீர் விட்டுத்தான் தேய்ப்பது, முழுதாகக் காயாத கிளியரின் தூளை மூச்சில் இழுப்பதும் ஆபத்து.

ஈரமாக இருக்கும்போதே ஒன்றும் செய்ய முடியாதா என்று கேட்பீர்கள். அண்ணன் செய்வார். மாஸ்கிங் டேப் துண்டை விரலில் பசைப்பக்கம் வெளியே இருக்கும்படி சுற்றி, சொட்டின் நுனியை மட்டும் ஒற்றி எடுப்பார், கதவைத் தொடாமல். பின்னால் சீவ வேண்டிய மேடு பாதியாகக் குறையும், அவ்வளவுதான் லாபம். அவர் கைக்கு அது வரும். என் கை நடுங்கும், எனவே நான் ஷெட்டைப் பூட்டும் கட்சி.

மூன்றாவது தடவை, பின்கதவுக்கு அடித்தபோது, ஒழுகவில்லை. என்ன மாற்றினேன் என்றால், காலை ஏழு மணிக்குப் பதில் பதினொன்றுக்கு அடித்தேன், தகடு கைக்கு வெதுவெதுப்பாக இருந்தது. தின்னர் டின்னில் சொன்ன 10 சதவீதம், அதுவும் சாதாரண தின்னர். கன் முனைக்கும் கதவுக்கும் ஒரு சாண் இடைவெளி, பெருவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து அவ்வப்போது அளந்து பார்த்துக்கொண்டேன். கை திரும்பும் இடத்தில் ட்ரிகரை விட்டேன், இதற்கு முன்னால் விடாமல் பிடித்துக்கொண்டே திரும்பியதில் ஓரத்தில் எல்லாம் இரட்டைப் படலம் விழுந்திருக்கிறது. கைப்பிடியைக் கழற்றியே வைத்துவிட்டேன், நாலு ஸ்க்ரூவுக்குச் சோம்பல்பட்டு எத்தனை ஞாயிறு போயிற்று. அடிக்கும் முன் சுவரில் நிறுத்திய அட்டையில் ஒரு பாஸ் அடித்து, எத்தனை விநாடியில் வழிய ஆரம்பிக்கிறது என்று பார்த்துக்கொண்டேன். கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் மாஸ்கிங் பேப்பர் மேல் விழுந்த கிளியரை விரலால் தொட்டுப் பார்த்து, ஒட்ட வேண்டும், நூல் இழுக்கக் கூடாது, அதுவரை காத்திருந்தேன். கால் மணி நேரம் ஆயிற்று.

டிரைவர் கதவில் அந்த ஒழுகல் எங்கே இருந்தது என்று இப்போது எனக்கே தேட வேண்டியிருக்கிறது. ஆனால் கதவைத் திறந்தால், கீல் பக்கம் உள்விளிம்பில், அரிசி அளவுக்கு இன்னொரு சொட்டு இருக்கிறது. பிளேடு நுழையாத இடம். அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "அது கிடக்கட்டும், நீங்கதான் அடிச்சீங்கன்னு அடையாளம் வேணாமா" என்றார். விட்டுவிட்டேன். ஸ்லோ தின்னர் முக்கால் டின் அப்படியே இருக்கிறது, சித்திரை வெயிலில் பானட்டுக்கு எடுக்க வேண்டும்.